காலி மனைகளில் வளரும் நச்சுப் பூண்டு

நச்சுச் செடி என்றவுடன் எட்டி, ஊமத்தை, அரளி, கள்ளி என்று நம் முன்னோர் பெயரிட்டு ஒதுக்கி வைத்த செடிகளே நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை உண்டாலன்றித் தீங்கு செய்வன அல்ல. அரளியைப் பூசைக்குப் பறிக்கிறோம். ஊமத்தை வேலியோரத்தில் பூத்திருந்தால் அதைக் கண்டு எவரும் விலகி ஓடுவதில்லை. ஆனால் உண்ணாமலும், சில வேளைகளில் கையால் தொடாமலுங்கூட, காற்றின் வழியாகவே வந்து மனிதரின் தோலைப் பற்றிக்கொள்ளும் ஒரு பூண்டு இன்று நம் வாசலுக்கு எதிரே வளர்ந்து நிற்கிறது. அதற்குப் பழந்தமிழில் பெயரில்லை. அது நம் மண்ணுக்கு உரியதன்று. தாவரவியலார் அதனைப் பார்த்தீனியம் என்று அழைக்கின்றனர்.

பெங்களூரின் வடமேற்கே, தும்கூர்ச் சாலையில் அமைந்துள்ள பீன்யாவை அறியாத தமிழ்த் தொழிலாளர் அந்நகரில் மிகச் சிலரே இருப்பர். 1970களின் பிற்பகுதியில் தொழிற்பேட்டையாக வகுக்கப்பட்ட அவ்விடத்தில் கடைசல் பட்டறைகளும், முலாம் பூசும் கூடங்களும், வார்ப்படச் சாலைகளும், ஆயத்த ஆடை ஆலைகளுமாக ஆயிரக்கணக்கான சிறு தொழில்கள் நடைபெறுகின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், திருவண்ணாமலை முதலிய மாவட்டங்களிலிருந்து பிழைப்பை நாடி வந்த குடும்பங்கள் லக்கெரே, ஹெக்கனஹள்ளி, ராஜகோபால் நகர், தாசரஹள்ளி ஆகிய சுற்றுப்புறங்களில் குடியிருக்கின்றன. 2014ஆம் ஆண்டு முதல் அவ்வழியே மெட்ரோ ரயிலும் ஓடுகிறது. மழைக்காலத்தில் அந்த ரயிலின் சாளரத்தின் வழியே கீழே நோக்குங்கள். கட்டடம் எழும்பாத காலி மனைகள், சாக்கடைக் கரைகள், சுற்றுச்சுவரின் அடிப்பகுதி, இடிபாடுகளைக் கொட்டிய மேடு என மனிதன் மண்ணைக் கிளறிவிட்டுக் கவனியாமற்போன இடங்களிலெல்லாம் இடுப்பளவு உயரத்தில் பச்சைப்பசேலென்று ஒரு பூண்டு மண்டியிருக்கும். உச்சியில் வெள்ளைப் பொரி தூவினாற்போல் சிறு சிறு பூக்கள். பார்வைக்கு அழகற்றது என்று கூறுவதற்கில்லை.

இதனை ஐயமின்றி அடையாளம் காண்பது எளிது. இளஞ்செடியாயிருக்கும்போது இலைகள் தரையோடு தரையாக வட்டமாய்ப் படர்ந்திருக்கும். அவை காரட் இலையைப் போல ஆழமாகப் பிளவுபட்டவை. பின்னர் நடுவிலிருந்து நெடுக வரியோடிய தண்டு எழுந்து, பல கிளைகளாகப் பிரியும். தண்டிலும் இலையிலும் மெல்லிய மயிர்கள் செறிந்திருக்கும். கிளை நுனிகளில் ஐந்து முனைகளையுடைய வெண்ணிறப் பூந்தலைகள், ஒவ்வொன்றும் ஒரு மிளகளவே, கொத்துக் கொத்தாகத் தோன்றும். வளமான மண்ணில் ஆள் உயரத்திற்கும் வளர்வதுண்டு.

பிற மாநிலங்களில் வாழும் நேயர்கள் அவ்வப் பகுதியின் பெயரை அறிந்திருத்தல் நன்று. கர்நாடகத்தில் இதனைக் 'காங்கிரஸ் கிட' என்றும் 'காங்கிரஸ் ஹுல்லு' என்றும் கூறுவர். இந்தி வழங்கும் பகுதிகளில் 'காஜர் காஸ்', மராத்தியில் 'காஜர் கவத்'. இரண்டுக்கும் காரட் புல் என்பதே பொருள். தெலுங்கர் 'வய்யாரி பாமா' என்று ஒய்யாரமாகவே பெயர் சூட்டியிருக்கின்றனர். காங்கிரஸ் என்னும் பெயர் ஏன் வந்தது என்பதற்கு இரண்டு கதைகள் வழங்குகின்றன. வெள்ளைக் குல்லாய் அணிந்தாற்போல் பூத்திருப்பதால் வந்தது என்பர் ஒரு சாரார். அமெரிக்கக் காங்கிரஸ் சட்டமியற்றி அனுப்பிய கோதுமையோடு வந்ததால் என்பர் மற்றொரு சாரார். அவ்வழக்கைத் தீர்க்கும் பொறுப்பு நமக்கில்லை.

ஆயினும் கோதுமைக் கதையைச் சற்று ஆராய்தல் வேண்டும். ஏனெனில் அது நாடெங்கும் உறுதியான வரலாறாகவே சொல்லப்பட்டு வருகிறது. இப்பூண்டின் தாயகம் மெக்ஸிகோ வளைகுடாவைச் சூழ்ந்த வெப்ப அமெரிக்க நாடுகள். அங்கு இது பல செடிகளுள் ஒன்று. தன்னைத் தின்னும் பூச்சிகளோடும் தன்னைப் பற்றும் நோய்களோடும் அளவாக வாழ்ந்து வருவது. இந்தியாவில் புனே நகரில் இது கண்டறியப்பட்டது 1955இல். பி.எல். 480 என்று வழங்கிய அமெரிக்கச் சட்டத்தின்படி இந்தியாவுடன் தானிய ஒப்பந்தம் கையெழுத்தானதோ 1956இல். ஆகவே அந்த ஒப்பந்தத்தின் கோதுமைதான் முதன்முதலில் இதனைக் கொணர்ந்தது என்பது கணக்குக்கு ஒத்துவரவில்லை. 1951ஆம் ஆண்டிலேயே வேறொரு கடனுதவியாக அமெரிக்கக் கோதுமை வந்தது உண்மை. அதற்கும் வெகுகாலம் முன்னரே, ராக்ஸ்பரோ என்னும் தாவரவியலார் 1814இல் வெளியிட்ட கல்கத்தாத் தோட்டத்துச் செடிகளின் பட்டியலில் இதன் பெயர் இருப்பதாக எடுத்துக்காட்டுவோரும் உளர். எவ்வாறு வந்திருப்பினும், தானிய மூட்டைகளும், லாரிகளும், ரயில் வண்டிகளும் இதனை நாடெங்கும் சுமந்து சென்றன என்பதில் ஐயமில்லை. 1971ஆம் ஆண்டில், கர்நாடகம் மைசூர் மாநிலம் என்றே வழங்கிய நாளில், அம்மாநிலத்தில் இப்பூண்டு பரவியிருப்பதையும் அதனைக் கட்டுப்படுத்தும் வழியையும் பற்றி 'கரண்ட் சயன்ஸ்' இதழில் கட்டுரை வெளிவந்துவிட்டது.

இந்தியாவுக்கு மட்டுமே நேர்ந்த கதையும் அன்று இது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பகுதியில் 1950களில் தோன்றி மேய்ச்சல் நிலங்களைக் கவ்விக்கொண்டது. எத்தியோப்பியாவிலும், இலங்கையின் வடபகுதியில் வவுனியா, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களிலும் பின்னர் வேரூன்றியது.

இவ்வளவு விரைவில் பரவுவதற்குக் காரணம் இதன் விதை. நன்கு வளர்ந்த ஒரு செடி பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட விதைகளை உதிர்க்க வல்லது. ஒவ்வொரு விதையோடும் காற்றடைத்த சிறு பைகளைப் போன்ற இரண்டு உறுப்புகள் ஒட்டிக்கொண்டிருப்பதால் அது நீரில் மிதக்கும், காற்றில் நகரும். லாரிச் சக்கரத்துச் சேற்றிலும், கட்டட வேலைக்கு அள்ளிச் செல்லும் மணலிலும் ஒளிந்துகொண்டு ஊர்விட்டு ஊர் போகும். மண்ணுக்குள் புதைந்தவை ஆண்டுக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். முளைத்த நான்கு முதல் ஆறு வாரங்களில் செடி பூக்கத் தொடங்கிவிடும். பெங்களூரின் மிதமான தட்பவெப்பநிலையில் ஈரம் இருக்கும் மாதங்களெல்லாம் இதற்குப் பருவமே. அருகில் வேறு செடி முளைக்கவொட்டாமல் தடுக்கும் இரசாயனப் பொருள்களையும் இது மண்ணில் கசியவிடுகிறது. ஆகவேதான் ஒரு மனையில் புகுந்தால் ஓரிரு ஆண்டுகளில் அம்மனை முழுவதும் இதற்கே சொந்தமாகிறது.

இனி இது மனிதரின் தோலை எவ்வாறு தாக்குகிறது என்பதைப் பார்ப்போம். இப்பொருளின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது.

பார்த்தீனியத்தின் மேலுள்ள நுண்ணிய மயிர்களில் பார்த்தெனின் என்னும் கசப்பான இரசாயனப் பொருள் தங்கியிருக்கிறது. இதை 'விஷம்' என்று மொழிபெயர்ப்பதா, வேறு சொல் தேடுவதா என்பது மொழிபெயர்ப்பு அலுவலிலுள்ள நம் போன்றோருக்கு எளிதில் தீராத வினா. விஷம் என்றால் அது எல்லோரையும் தாக்கும். அளவு மிகுந்தால் தீங்கும் மிகும். பார்த்தெனின் தோலில் செய்வது அத்தகைய செயலன்று. அது ஒவ்வாமை. ஒவ்வாமை எல்லோருக்கும் வருவதில்லை. வருகிறவருக்கும் முதல் நாளிலேயே வருவதில்லை. அந்த நுண்ணிய பொருள் தோலின் புரதத்தோடு கலந்து, உடலின் காவற்படையாகிய வெள்ளணுக்களின் கண்ணிற்படுகிறது. பல மாதங்கள், சிலருக்குப் பல ஆண்டுகள், ஒன்றும் நிகழாததுபோலவே தோன்றும். உள்ளே உடல் அதனைப் பகையென்று அடையாளம் குறித்துக்கொள்கிறது. அவ்வாறு குறித்துக்கொண்டபின், மிகச் சிறிதளவு தூசி பட்டாலும் படை திரண்டு எழுகிறது. அந்தப் போரின் களம் நம் தோலே. அந்த நினைவு எளிதில் அழிவதில்லை. பெரும்பாலோருக்கு ஆயுள் முழுவதும் நீடிக்கிறது.

ஆகவே, "பத்து வருஷமாக இந்தச் செடியை வெறுங்கையால் பிடுங்குகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று கூறுபவர் தம் உடல் அதனைத் தாங்கும் என்பதற்குச் சான்று காட்டியவராகமாட்டார். பத்து ஆண்டுகள் பழகியதே அவருக்கு ஆபத்தாகக்கூடும். மேஸ்திரி சொன்னாரென்று ஆலை வளாகத்தைச் சுத்தம் செய்யும் துப்புரவுப் பணியாளர்களும், தோட்ட வேலையாட்களும், அஸ்திவாரம் தோண்டுவோரும் இவ்வாறு பழகுகிறவர்களே. 1970களில் புனேயின் தோல் மருத்துவர்கள் இந்நோயைப் பற்றி உலக மருத்துவ இதழ்களில் எழுதத் தொடங்கினர். அக்காலத்திலேயே பெங்களூரின் இந்திய விஞ்ஞானக் கழகத்தினரும் இப்பூண்டால் பாதிக்கப்பட்டோரை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டனர்.

மற்றொரு சிக்கலும் உண்டு. தேள் கொட்டினால் அக்கணமே வலிக்கும். காரணம் தேட வேண்டியதில்லை. இந்த ஒவ்வாமையோ செடியின் துகள் பட்ட ஒரு நாள், இரண்டு நாள் கழித்தே அரிப்பாக வெளிப்படும். ஞாயிறன்று மனையைத் துப்புரவு செய்தவருக்குச் செவ்வாயன்று கண்ணிமை தடித்தால், அவர் திங்களன்று உண்ட கத்தரிக்காயையோ கருவாட்டையோ குறைகூறுவார். பத்தியம் இருப்பார். செடி மட்டும் எவ்விதச் சந்தேகத்திற்கும் ஆளாகாமல் வாசலில் நிற்கும்.

முதலில் எங்கே தோன்றுகிறது என்பதைக் கவனித்தால் பாதி வழக்குத் தெளிவாகும். ஆடையால் மூடப்படாத இடங்களே முதலில் பாதிக்கப்படுகின்றன: முகம், கண்ணிமை, கழுத்து, சட்டையின் மேற்பொத்தான் திறந்திருக்கும் மார்புப்பகுதி, பிறகு முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்மடிப்பு. சிவந்து, தடித்து, கடும் அரிப்புக் காணும். சிலருக்கு நீர் கசியும். வெயிலால் மட்டுமே வரும் தோல்நோயில் காதின் பின்புறமும், மோவாயின் அடியும், மேலிமையும் பெரும்பாலும் தப்பிவிடும். அங்கே வெயில் விழுவதில்லை. காற்றில் மிதந்து வரும் துகளுக்கு அத்தகைய தடையில்லையாதலால் அம்மறைவிடங்களும் பாதிக்கப்படுகின்றன. செடி காய்ந்து பொடியான பின்னும் அதன் துகளில் வீரியம் இருக்கிறது. தொடக்கத்தில் மழைப்பருவத்தில் தோன்றிக் குளிர்காலத்தில் தணியும் நோய், சில ஆண்டுகளில் ஆண்டு முழுவதும் நீடிப்பதாகிவிடும். பெண்களைவிட ஆண்களிடமும், சிறுவரைவிட நடுவயதினரிடமும் மிகுதியாகக் காணப்படுவதாக மருத்துவர் கூறுவர்.

பீன்யாவைப் போன்ற இடத்தில் இதற்கு வேறு காரணம் சொல்லப்படுவதும் இயல்பே. கடைசல் பட்டறையில் கூலண்ட் எண்ணெயும், முலாம் கூடத்தில் குரோமியமும், கட்டட வேலையில் சிமெண்டும் தோலுக்குத் தீங்கு செய்வன என்பது உண்மை. ஆயின் அவை பெரும்பாலும் தாக்குவது அவற்றைத் தொட்டு வேலை செய்யும் கைகளையும் முன்கையையும். கை நன்றாயிருந்து முகமும் இமையும் கழுத்தும் தடித்திருக்குமானால் காற்றில் வந்த ஒன்றையே முதலில் ஐயுறுதல் வேண்டும். இரண்டும் ஒருசேர இருப்பவரும் உண்டு. இதனை முடிவுசெய்வது மருத்துவரின் வேலை. ஆனால் எங்கே முதலில் தோன்றியது, எந்த மாதத்தில் தோன்றியது, ஊருக்குப் போனால் தணிகிறதா என்பனவற்றை நினைவில் வைத்துச் சொல்ல வேண்டியவர் நோயாளியே.

நோய் முற்றினால் முகத்தின் தோல் தடித்து, நெற்றியில் மடிப்புகள் ஆழ்ந்து, காதுமடல் பருத்து, முகத்தோற்றமே மாறிவிடும். இங்கேதான் நோயினும் கொடிய ஒரு தீங்கு நேர்கிறது. அக்கம்பக்கத்தார் அதனைத் தொழுநோய் என்று எண்ணி விலகுகின்றனர். அந்நிய ஊரில் வாடகை வீட்டில் இருப்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். பட்டறையில் அருகில் உட்கார்ந்து உண்பவர் தட்டை நகர்த்திக்கொள்வார். அவமானம் தாளாமல் மனிதர் வேலையை விட்டு ஊர் திரும்பிவிடுவார். பார்த்தீனிய ஒவ்வாமை தொழுநோயன்று. அது தொற்றுநோயே அன்று. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொட்டாலும், சேர்ந்து உண்டாலும், ஒரே படுக்கையில் உறங்கினாலும் பரவுவதில்லை. தொழுநோயேகூட இன்று மருந்தால் முற்றிலும் குணமாகக்கூடியதாயிருக்க, அதன் பெயரால் எவரையும் ஒதுக்குவதற்கு நியாயம் ஏதுமில்லை.

இனி மருத்துவம். அரிப்புக்கு மருந்துக்கடையில் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் குழாய்க் களிம்புகளைப் பற்றி நாம் சற்றுக் கடுமையாகவே கூற விரும்புகிறோம். அவற்றுள் பல ஸ்டீராய்டு கலந்தவை. பூசிய இரண்டாம் நாளே அரிப்பு அடங்கும்; ஆகவே அக்களிம்பின்மேல் நம்பிக்கை பிறக்கும்; மாதக்கணக்கில் முகத்தில் பூசுவர். தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் வெளியே தெரிந்து, பருக்கள் எழும். நிறுத்தினால் முன்னிலும் மும்மடங்கு சிவந்து எரியும். இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று மத்திய அரசு 2018இல் விதி செய்தது. விதி ஏட்டிலிருந்து கடைக்கு வரும் தொலைவு நம் நாட்டில் சற்று அதிகம். அதே மருந்தை மருத்துவர் அளவறிந்து, நாளறிந்து கொடுக்கும்போது அது நல்ல மருந்தே.

தோல் மருத்துவர் ஒட்டுச் சோதனை என்று ஒன்று செய்வார். செடியின் சாற்றையும் வேறு சில பொருள்களையும் சிறு சிறு வில்லைகளில் வைத்து முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார். எந்த வில்லையின் கீழ் தோல் சிவந்திருக்கிறதோ அதுவே பகை. வீட்டில் இலையைக் கசக்கித் தேய்த்துப் பார்ப்பது சோதனையாகாது; இல்லாத ஒவ்வாமையை வரவழைத்துக்கொள்ளும் வழியாகும். கடும் நோயுற்றோருக்கு அஸத்தியோப்ரின் என்னும் மாத்திரை பயன்படுவதைப் புதுதில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் தோல் மருத்துவர்கள் ஆராய்ந்து கண்டுள்ளனர். அதனை இடையிடையே இரத்தப் பரிசோதனை செய்துகொண்டே உட்கொள்ள வேண்டும். பீன்யாவில் வேலை செய்வோரில் இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் அவ்வழியே, ராஜாஜி நகரிலுள்ள இ.எஸ்.ஐ. மருத்துவமனை போன்ற இடத்தில் சிகிச்சை பெறலாம். ஒப்பந்தத் தொழிலாளி என்பதால் மட்டும் அவ்வுரிமை இல்லாமற் போவதில்லை. சம்பளத்தில் அதற்கெனப் பிடித்தம் நடைபெறுகிறதா என்று கேட்டறிவது அவசியம்.

ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டவர்களின் வீட்டில் பூவைப் பற்றியும் எண்ண வேண்டியிருக்கிறது. செவ்வந்தியும், சூரியகாந்தியும், டாலியாவும் பார்த்தீனியத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றிலும் அதையொத்த இரசாயனப் பொருள்கள் உள்ளன. பார்த்தீனியத்தைப் பகையாக்கிக்கொண்ட உடல் அதன் உறவினரையும் சில வேளைகளில் விட்டுவைப்பதில்லை. ஆயுத பூசைக்கு எந்திரங்களுக்கெல்லாம் செவ்வந்தி மாலை சூட்டிய மறுநாள் நோய் மிகுந்தால் அதற்குக் காரணம் தெய்வக் குற்றமன்று. அத்தகையோர் மாலை தொடுப்பதை வீட்டிலுள்ள மற்றவரிடம் விட்டுவிட்டு மல்லிகையோடு நின்றுகொள்ளலாம். பூச்செண்டுகளில் இடைவெளி நிரப்பப் பார்த்தீனியத்தையே செருகி விற்பதும் உண்டு. வெண்பூ என்று எண்ணி மணமேடையில் வாங்கிக் கையில் வைத்திருப்போம்!

தோலோடு இது நிற்பதில்லை. இதன் மகரந்தம் மூக்கையும் தாக்குகிறது. பெங்களூரில் நடந்த ஓர் ஆராய்ச்சி 1991இல் வெளிவந்தது. மூக்கொழுக்கும் தும்மலுமாக வந்த நோயாளிகளைச் சோதித்ததில் நூற்றுக்கு 34 பேருக்கு இம்மகரந்தம் ஒவ்வாமல் இருந்தது. மாடுகள் இதனை மேய்ந்தால் அவற்றின் பாலில் கசப்பேறும். மிகுதியாகத் தின்றால் அவற்றின் தோலும் குடலும் புண்ணாகும்.

பகை வந்த நாட்டிலிருந்தே அதன் பகையையும் வரவழைத்தால் என்ன என்று பெங்களூரில் சிந்தித்தனர். பீன்யாவுக்கு அப்பால் சிறிது தொலைவிலுள்ள ஹெசரகட்டாவில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்குள்ள விஞ்ஞானிகள் 1983இல் மெக்ஸிகோவிலிருந்து ஒரு வண்டைத் தருவித்தனர். ஸைகோகிராம்மா என்பது அதன் பெயர். அரிசி மணியளவே உள்ளது. வெளிர்மஞ்சள் முதுகில் கரும்பழுப்பு நிறத்தில் நெளிநெளியான கோடுகள். வேறு பயிர்களைத் தின்னுமா என்று அடைத்து வைத்துச் சோதித்த பின்னர் 1984இல் திறந்தவெளியில் விட்டனர். முதல் சில ஆண்டுகள் வண்டு எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. பிறகு பெருகியது, காலி மனைகளில் பார்த்தீனியம் இலையற்ற குச்சியாக நின்ற காட்சியைப் பெங்களூர் மக்கள் கண்டனர். மாநில எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் அது தானாகவே பறந்து சென்றது.

1991 அளவில் அவ்வண்டு சூரியகாந்திப் பயிரில் காணப்பட்டதால் பெரும் சலசலப்பு எழுந்தது. புதிதாக விடுவது நிறுத்தப்பட்டு, உண்மையறியக் குழு அமைக்கப்பட்டது. அருகில் மண்டியிருந்த பார்த்தீனியத்தின் மகரந்தம் சூரியகாந்தி இலையின்மேல் படிந்திருந்ததே வண்டை அங்கு இழுத்தது என்று விஞ்ஞானிகள் விளக்கினர். 1990களின் இறுதியில் தடை நீங்கியது. இதுபோன்ற அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது என்பது நம் கருத்து. வெளிநாட்டிலிருந்து வந்த ஒன்றால் ஏற்கெனவே ஒருமுறை துன்புற்ற உழவர், மற்றொன்றைக் கண்டு கேள்வி கேட்டது நியாயமே.

ஆயினும் வண்டு மட்டுமே போதாது. அது மழைக்காலத்தில் மட்டும் உழைத்து, வறண்ட மாதங்களில் மண்ணுக்குள் உறங்கிவிடும். பூண்டுக்கு உறக்கமில்லை. ஊசித்தகரையின் இனத்தைச் சேர்ந்த செடிகளைப் போட்டியாக விதைத்து இதனை நெருக்கி வெளியேற்றும் முறையையும் கர்நாடகத்தின் வேளாண் பல்கலைக்கழகத்தார் சோதித்து நல்ல பயன் கண்டனர்.

இதனை அகற்ற முற்படுவோர் சிலவற்றை அறிதல் வேண்டும். ஏற்கெனவே தோல் பாதிக்கப்பட்டவர் இவ்வேலையில் இறங்கவே கூடாது. பிறர் செய்யும்போது அருகிலும் நிற்கலாகாது. மற்றவர்கள் மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, செடி பூப்பதற்கு முன், வேரோடு பிடுங்க வேண்டும். கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்கையும் வாயையும் மூடிய துணி ஆகியவை இன்றியமையாதவை. கையுறை கிடைக்காவிடில் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டாவது செய்யலாம், வெறுங்கை கூடாது. வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் குளித்து, அவ்வாடைகளைக் குழந்தைகளின் துணியோடு சேர்க்காமல் தனியே துவைக்க வேண்டும். கத்தியாலோ எந்திரத்தாலோ மேலே வெட்டுவது வீண்வேலை. அடித்தண்டு மீண்டும் தழைக்கும், வெட்டுண்ட துகள்களோ காற்றில் பறந்து வேலை செய்வோரின் முகத்திலேயே படியும். ஆலை வளாகங்களில் எந்திரம் வைத்துப் புல் வெட்டுவதை மேற்பார்ப்போர் இதனை முக்கியமாகக் கருத வேண்டும். பூக்காத செடிகளைக் குழியிலிட்டு மக்க வைத்தால் நல்ல எருவாகும். பயிர் செய்யாத வெற்றிடங்களில் நூறு பங்கு நீருக்குப் பதினைந்து முதல் இருபது பங்கு சமையலுப்பைக் கரைத்துத் தெளித்தாலும் செடி கருகும். தோட்டத்திலோ மரத்தடியிலோ கிணற்றருகிலோ அதைச் செய்யலாகாது.

பார்த்தீனியத்தைத் தீங்கு செய்யும் களையென்று கர்நாடக அரசு 1975ஆம் ஆண்டிலேயே சட்டப்படி அறிவித்தது. காலி மனையின் உரிமையாளர் தூரத்து ஊரிலிருப்பார். வாடகைக்குக் குடியிருப்பவர் அதன் தூசியைச் சுவாசிப்பார். ஆகவே வார்டு அலுவலகத்தில் எழுத்து மூலமாக முறையிடுவதில் தயக்கம் வேண்டியதில்லை. ஜபல்பூரிலுள்ள மத்தியக் களை ஆராய்ச்சி இயக்ககம் ஆண்டுதோறும் ஆகஸ்டு 16 முதல் 22 வரை பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் நடத்துகிறது. குடியிருப்போர் சங்கமும் தமிழ்ச் சங்கமும் அவ்வாரத்தில் ஆலை நிர்வாகத்தாரை அணுகினால் காதுகொடுத்துக் கேட்பார்கள். கையுறை வாங்கித் தர வேண்டும் என்பதையே முதற் கோரிக்கையாக வைக்கலாம்.

மருத்துவரிடம் போகும்போது கன்னடம் சரியாக வராதவர்கள் "காங்கிரஸ் கிட" என்று சொல்லி முகத்தையும் கழுத்தையும் காட்டினாலே போதும்; பெங்களூரின் தோல் மருத்துவருக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிராது. செடியைப் பறித்துப் பையில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டாம். கைபேசியில் அதனைப் படமெடுத்துக் காட்டினாலே போதும்.